மகளிடம் முதலில் சொல்லுங்கள், அப்புறம் முகாமுக்குப் போங்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். நான் காசிமேடு பக்கத்தில் குடியிருக்கிறேன். வயது 37. என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். 8 வருடத்துக்கு முன்னால் டி.பி. வந்து இறந்துபோனார். அந்தச் சமயத்தில் எடுத்த பரிசோதனையில்தான் எனக்கும் என் மகளுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மகனுக்கு இல்லை. நானும் மகளும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோம். உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. மகனுக்கு இப்போது 16, மகளுக்கு 12. மகளுக்கு விஷயம் தெரியாது. 'ரத்தம் ஊறுவதற்கு மாத்திரை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகன் எப்படியோ தெரிந்துகொண்டான், ஆனால் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டான்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்காக மட்டும், பல சபைக்காரர்கள் சேர்ந்து மே மாதத்தில் ஏலகிரியில் மூன்று நாள் முகாம் நடத்துகிறார்களாம். ஊழியம் செய்கிற ஒரு அக்கா வந்து கூப்பிட்டார்கள். செலவு அவர்களுடையது. நாங்கள் கத்தோலிக்கர். போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் அங்கே போய்த் தெரிந்துகொண்டால்? என் நாத்தனார் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்கிறாள். முகாமிலும் அப்படிச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். மகன் வரவே மாட்டேன் என்கிறான். நாங்கள் போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வடசென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முகாம் நடத்துகிறவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியவையும் சில இருக்கின்றன. அவற்றைக் கேட்க நீங்கள் கூச்சப்படக் கூடாது. செலவு அவர்களுடையது என்பதால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் போய்விடாது.

நான் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கிற மையத்தில், ஆலோசகராக இருக்கிறவள். இது மாதிரி முகாம்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். அங்கே என்னை மிகவும் பாதித்த விஷயம் பாட்டோ பிரசங்கமோ இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போனில் அலாரம் அடிக்கும், பக்கத்து மேஜையில் இன்னொன்று அடிக்கும். அப்புறம் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பையைத் திறந்து, தண்ணீர் டம்ளரை எடுப்பார்கள். வீட்டில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை போடுகிற பிள்ளை, தன் வயதுப் பிள்ளை ஒன்று எல்லோர் எதிரிலும் அதே மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் மையத்தில் உட்கார்ந்து ஒரு வருடம் பேசினாலும் அந்த ஒரு நிமிடம் செய்கிறதை என்னால் செய்ய முடியாது. உங்களுக்கும் அப்படித்தான். 8 வருடமாக இந்த விஷயத்தை நீங்கள் யாரோடு பேசியிருக்கிறீர்கள்? டாக்டரிடமும், மாத்திரை கொடுக்கிறவரிடமும், ஆலோசகரிடமும் பேசியிருப்பீர்கள். உங்களைப் போலவே இதோடு வாழ்கிற இன்னொரு பெண்ணோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இனி அந்த வீட்டு வேலைக்கு வருகிறேன். உங்கள் மகளிடம் முகாமுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. குடும்பங்களுக்கான இடத்துக்கு, அது என்ன இடம் என்றே தெரியாத 12 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருக்கிற மற்றப் பிள்ளைகளில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 'நீயும் பாசிட்டிவா?' என்று ஒரு பிள்ளை சாதாரணமாகக் கேட்டுவிடும். அந்த வார்த்தையை உங்கள் மகள் முதன்முதலில் கேட்பது வேறு ஒருவர் வாயிலிருந்தா, உங்கள் வாயிலிருந்தா? நோயைவிட, அம்மா மறைத்துவிட்டாள் என்பதுதான் பல பிள்ளைகளை நொறுக்கிப் போடுகிறது.

பள்ளி வயதில், அதாவது 6 முதல் 12 வயதுக்குள், பிள்ளையின் பக்குவத்துக்குத் தகுந்தபடி படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே வழிகாட்டியிருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதின் கடைசியில் நிற்கிறாள். 'ரத்தம் ஊற மாத்திரை' என்பது 5 வயதுக்குப் போதும். இனிமேல் அது ஆபத்து. இன்னும் ஒரு வருடத்தில் 'எனக்குத்தான் ரத்தம் நன்றாக இருக்கிறதே' என்று அவளாகவே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பாள். அல்லது டப்பாவில் இருக்கிற மருந்தின் பெயரை அண்ணன் போனில் அடித்துப் பார்ப்பாள். பள்ளிப் பாடத்திலும் எச்.ஐ.வி. வந்துவிடும். ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்க அந்த வயதுக்குத் தெரியும். பல பிள்ளைகள் ஏற்கெனவே பாதி ஊகித்துவிட்டு, அம்மா அழுவாளோ என்று பயந்து கேட்காமல் இருக்கிறார்கள். உங்கள் மகளும் அப்படி இருக்கலாம்.

எப்படிச் சொல்வது? அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து உங்களுக்கென்று நேரம் ஒதுக்குவார். வீட்டில்தான் சொல்வேன் என்றாலும் சரி, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாருங்கள். பரீட்சை சமயம் வேண்டாம். மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இருக்கிற நேரமும் வேண்டாம். முகாமுக்கு மூன்று வாரமாவது முன்னால் சொன்னால், அவள் அழவும் கோபப்படவும் திரும்பத் திரும்பக் கேட்கவும் நாள் கிடைக்கும்.

வார்த்தைகள் சின்னதாக இருக்கட்டும். 'உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது. நீ பிறக்கும்போது என்னிடமிருந்து உனக்கு வந்தது. எனக்கும் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் சாப்பிடுகிற மாத்திரை அதைத் தூங்க வைத்திருக்கிறது. மாத்திரையை விட்டால் அது முழித்துக்கொள்ளும். அதன் பெயர் எச்.ஐ.வி.' இவ்வளவுதான் முதல் நாளைக்கு. பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள். பெயர் இல்லாமல் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அப்புறம் அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

'நான் செத்துப்போயிடுவேனா?' என்று கேட்பாள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்பா இறந்ததை மனதில் வைத்துத்தான் கேட்பாள். அப்பாவுக்கு நோய் முற்றின பிறகுதான் தெரிந்தது, நமக்கு நேரத்தோடு தெரிந்துவிட்டது, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகும் வரை வாழ்கிறார்கள் என்று சொல்லுங்கள். இது ஆறுதலுக்குச் சொல்கிற பொய் இல்லை, உண்மை. கல்யாணம், குழந்தை பற்றி இப்போது கேட்காவிட்டாலும் இரண்டு வருடத்தில் கேட்பாள். மாத்திரையால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. கர்ப்ப காலத்திலும் சிகிச்சை சரியாக இருந்தால் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு மிகவும் குறைவு. அவள் கல்யாணம் செய்துகொள்ளலாம், எச்.ஐ.வி. இல்லாத பிள்ளை பெறலாம். இதை நீங்களும் நம்ப வேண்டும். நீங்கள் நம்பாமல் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

'அப்பாவாலதானே?' என்று ஒரு நாள் கேட்பாள். இறந்தவரைப் பிள்ளை எதிரில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். உங்கள் மனதில் அவர்மேல் கோபம் இருந்தால் அது நியாயம்தான், அதை என்னைப் போன்ற ஒருவரிடம் கொட்டுங்கள். பிள்ளைக்கு, 'அப்பாவுக்கும் தெரியாமல் வந்தது' என்பது போதும். யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார். முகாமில் யாராவது பாவம், தண்டனை என்று பேச ஆரம்பித்தால் அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லி முடித்த பிறகு ஒன்றை அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது அசிங்கம் இல்லை, ஆனால் எல்லோரிடமும் சொல்கிற விஷயமும் இல்லை. யாரிடம் பேசலாம் என்று இரண்டு மூன்று பேர் பெயரை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பட்டியலில் அவள் அண்ணன் பெயரும் இருக்கட்டும்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிகக் கவலை. ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனால் மாத்திரையை நிறுத்தி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களை மையத்தில் பார்த்திருக்கிறேன். திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களில் சிலர் கையில் ஒரு ரிப்போர்ட் இருந்தது என்பதுதான் கொடுமை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வருடா வருடம் எடுக்கிற வைரல் லோடு பரிசோதனையில், மாத்திரை நன்றாக வேலை செய்தால் 'வைரஸ் கண்டறியப்படவில்லை' என்று வரும். அதைக் கொண்டுபோய் மேடையில் காட்டி, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லவைத்து விடுகிறார்கள். அந்தக் காகிதம் சொல்வது வேறு. மாத்திரை வைரஸை ரத்தத்தில் தலைகாட்ட விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உடம்பின் சில செல்களுக்குள் அது ஒளிந்தபடியே இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே மறுபடி ஏறிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால், இதே மருந்துக்கு அடங்காத வைரஸாகவும் மாறக்கூடும்.

நாத்தனாரோடு சண்டை வேண்டாம். அவளும் உங்கள்மேல் அக்கறையில்தான் பேசுகிறாள். 'எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் கொடுத்த ஆண்டவர், அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப் போடவும் வைத்தாரே, எனக்கு அவர் கொடுத்த அத்திப்பழம் இந்த மாத்திரை' என்று சொல்லிப் பாருங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.

முகாம்காரர்களிடம் இதை நேராகக் கேளுங்கள்: 'மாத்திரை பற்றி உங்கள் நிலை என்ன? இரவு நிகழ்ச்சியில் மாத்திரை நேரத்துக்கு இடைவெளி உண்டா? கூட ஒரு டாக்டரோ நர்ஸோ வருகிறார்களா?' நல்ல முகாம் என்றால் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்கள். 'அதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று மழுப்பினால் போகாதீர்கள். உபவாச ஜெபம் வைத்திருந்தாலும் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இப்போது பெரியவர்களுக்குக் கொடுக்கிற, டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரையைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். ஆனால் வயிற்று எரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஏதாவது குடித்தால், அதற்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் கழித்து மாத்திரையைப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. முகாம் சாப்பாட்டில் இது எப்படியும் தேவைப்படும், அதனால்தான் சொல்கிறேன்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் மாத்திரைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது வேலூர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவமனை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன்னால் காசு இருந்தவர்களுக்குத்தான் மருந்து. அந்த நாட்களில் சபைகளால் செய்ய முடிந்தது, யாரும் தொடாத நோயாளியைத் தொட்டுக் குளிப்பாட்டி, கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததுதான். அதைச் செய்தவர்கள் நிறைய பேர். இன்று அதே சபைகள் செய்ய வேண்டியது வேறு. உயிரோடு, வேலைக்கும் பள்ளிக்கும் போகிற குடும்பங்களோடு வருடக்கணக்கில் கூடவே நடக்க வேண்டும்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வீண் பயம் இல்லை. காசிமேட்டில் ஒரு சந்தில் பேசினால் படகுத்துறை வரைக்கும் கேட்கும் என்று எனக்கும் தெரியும். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'சர்ச் கேம்ப்' என்று சொல்லுங்கள். மே மாதத்தில் பாதி வடசென்னைப் பிள்ளைகள் வி.பி.எஸ். (சபைகள் நடத்துகிற விடுமுறை வேதாகமப் பள்ளி), கேம்ப் என்று போகிறார்கள், யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். ஆனால் வேனுக்கு முன்னால் பேனர் கட்டுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில் நோயின் பெயரை அச்சடித்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'குடும்ப முகாம்' என்ற பெயர் போதும். ஏறுகிற இடமும் உங்கள் தெருமுனையாக இருக்கக் கூடாது. ரயில் நிலையத்துக்கு நேராக வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிடலாம்.

போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முகாமில் படம் எடுப்பார்கள். பிள்ளைகள் சிரிக்கிற படம் அழகாக இருக்கும். பேஸ்புக்கில் ஏறும். பத்து வருடம் கழித்து உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அது அங்கேயே இருக்கும். 'எங்கள் முகம் எதிலும் வரக் கூடாது' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மேடையில் சாட்சி சொல்லச் சொன்னாலும், மனது வந்தால் மட்டும் சொல்லுங்கள். வந்த நன்றிக்கடனுக்காகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் சொன்ன எச்.ஐ.வி. விவரத்தை, எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. போதகருக்கும் ஊழியருக்கும் இது பொருந்தும். வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருப்பதால் வாய்கள் அடங்கிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், பயந்துபோய் உடனே பெட்டி கட்டாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவேளை முகாமில் உங்கள் பக்கத்துத் தெருப் பெண்ணையே பார்த்துவிட்டால்? நடக்கக்கூடியதுதான். முதல் அரை நாள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். அவளும் உங்களைப் போலவே பயந்து பயந்து வந்தவள், உங்கள் ரகசியத்தை வெளியே சொன்னால் அவளுடையதும் சேர்ந்து வெளியே வரும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருவருக்கு உடம்பு முடியாதபோது இன்னொருவர் போய் மாத்திரை வாங்கி வருகிற அளவுக்கு நெருங்கிய பெண்களை எனக்குத் தெரியும்.

பயணத்துக்கு மாத்திரையை மூன்று நாளுக்கு அளந்து எடுத்துப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பையில் பிரித்து வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மகளுக்கு வாந்தி வரும் என்றால் மாத்திரை நேரத்துக்கு முன்னாலேயே மேலே போய்ச் சேருகிற மாதிரி இருக்க வேண்டும். கிளம்புகிற வாரத்தில் உங்கள் மூன்று பேரில் யாருக்காவது இருமல், காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, எடை குறைவு இருந்தால் முதலில் டி.பி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே கூடத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பலர் படுத்துத் தூங்குகிற இடம் அது. கோடைக்காலத்து அம்மைக்கும் இதே எச்சரிக்கைதான். மற்றபடி ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்தினாலும், கொசு கடித்தாலும், கட்டிப்பிடித்து அழுதாலும் எச்.ஐ.வி. பரவாது. உங்கள் மகன் கூட வந்தால் அவனுக்கு அங்கே ஒரு ஆபத்தும் இல்லை.

நீங்கள் கத்தோலிக்கர், அவர்கள் வேறு சபை என்பதில் எனக்குப் பெரிய தடை தெரியவில்லை. சேர்ந்து பாடலாம், ஜெபிக்கலாம். 'எங்கள் சபைக்கு வந்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு உதவி' என்று யாராவது பேரம் பேசினால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வந்துவிடுங்கள். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசே 2009-இல் ஓர் அறக்கட்டளை அமைத்திருக்கிறது. அதில் உங்கள் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி கேட்க முடியுமா என்று மையத்திலேயே விசாரியுங்கள். எதையும் கேட்காமல் விட்டுவிடுகிற பழக்கம் நம் பெண்களிடம் அதிகம்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'முகாம் முடிந்த பிறகு என்ன?' மூன்று நாள் மலைமேல் அன்பாக இருந்துவிட்டு, கீழே இறங்கியதும் போன் எடுக்காதவர்கள் பிள்ளைகளுக்குப் பெரிய காயத்தைக் கொடுத்துவிடுவார்கள். மாதம் ஒரு முறையாவது கூடுகிறார்களா, மருத்துவமனைக்குத் துணை வருகிறார்களா, பிள்ளைகள் வளர வளர அவர்களோடு பேச அதே ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். போன வருடம் போன குடும்பம் ஒன்றோடு பேச வழி செய்யச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதித்தால். வாட்ஸ்அப் குழு வைப்பார்கள். அதன் பெயரில் நோய் தெரியக் கூடாது. குழுவில் இருக்கிற எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும் என்பதையும் யோசித்துக்கொண்டு சேருங்கள். சபைக்கு வெளியேயும் துணை உண்டு. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தாங்களே சேர்ந்து 1998-இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அப்படிப்பட்டது. அவசரத்துக்குப் பேச 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

கடைசியாக உங்கள் மகன். நீங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் அவனை முடித்துவிட்டீர்கள், எனக்கு அவன் மேலேயே நினைப்பாக இருக்கிறது. வீட்டில் நோய் இல்லாத ஒரே ஆள் அவன். அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டால் தங்கையை நான்தான் பார்க்க வேண்டும் என்று 16 வயதுப் பையன் யாரிடமும் சொல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். அவனிடம் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். 'நான் நன்றாக இருக்கிறேன், ரொம்ப நாள் இருப்பேன்' என்பதை அவன் காகிதத்தில் பார்க்கட்டும். பெற்றோருக்கு முடியாமல் போனால் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று உறவினரிலோ நண்பரிலோ ஒரு பெரியவரை எழுதிவைக்க அதே 2017 சட்டம் வழி செய்திருக்கிறது. இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டு, நம்பகமான ஒருவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு அதையும் அவனிடம் சொல்லுங்கள். அவன் தோளில் இருக்கிற பாரம் பாதி இறங்கும்.

தங்கையிடம் விஷயத்தைச் சொல்கிற நாளில் அவனும் கூட உட்காரட்டும், அவனுக்குச் சம்மதம் என்றால். முகாமுக்கு வற்புறுத்தாதீர்கள். 'நோயாளிகள் முகாம்' என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அங்கே அவனைப் போல நோய் இல்லாத அண்ணன்மார், அக்காமார் நிறைய பேர் வருவார்கள். அவர்களுக்கென்று தனியாகப் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஊழியக்கார அக்காவிடம் கேட்டு, அதை மட்டும் அவனிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் வர மாட்டேன் என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். பாட்டியோடு இருக்கட்டும். நீங்களும் மகளும் போய்விட்டு வாருங்கள். அடுத்த வருடம் அவனைக் கூப்பிட வேண்டியது தங்கையின் வேலை.